கனவிலும் திரும்பாதவள்

அத்தியாயம் பதினொன்று

காலையில் எழுந்தேன். போர்வையை மடித்தேன். கேத்தலில் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தேன். அது கொதிப்பதற்குள் பல் துலக்கி முகம் கழுவினேன். தண்ணீர் விரலை விறைக்க வைத்தது. கொட்டகலையில் அது எப்போதும் அப்படித்தான்.

தேநீர் ஊற்றினேன். பால்மா முடிந்திருந்தது. பாணில் இரண்டு துண்டு வெட்டி மாஜரின் பூசினேன். ஒன்றைத் தின்றேன். சேர்ட்டை இஸ்திரி போட்டேன். சப்பாத்தைத் துடைத்தேன். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மறுபடி பைக்குள் வைத்தேன்.

இவ்வளவையும் தலையை அசைக்காமல் செய்தேன். கண்ணைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்தது. வலி கிடையாது. யாரோ சுவிட்சைப் போட்டு உடனே நிறுத்தியது போல ஒரு ‘சிர்’. அதோடு தரை கொஞ்சம் இடப்பக்கம் நகரும். பிறகு பழைய இடத்துக்கு வரும். அதனால் கண்ணைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பப் பழகியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்குக் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்தார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. லிந்துலையில் மாமி வீட்டில் படையல்.

வியாழக்கிழமை ஷாமிலா போன் எடுத்திருந்தாள். ஷாமிலா என் மனைவி லக்சனாவின் தங்கை. தலவாக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலை.

“அத்தான், ராத்திரி அக்கா கனவுல வந்துச்சு. வாசல்ல நின்னுக்கிட்டு ரொட்டியும் கொச்சிக்கா சம்பலும் கேட்டுச்சு. அம்மா ஞாயித்துக்கிழமை படைக்கணும்னு சொல்றாங்க. வந்துருங்க.”

வருகிறேன் என்றேன். போனை வைத்தேன். அன்று முழுவதும் எனக்கு ஷாமிலாவைப் பிடிக்கவில்லை.

லக்சனா போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. பார்க்கும் நேரம் முடிந்து மணி அடித்தால் ஆண்கள் கேட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். துணைக்கு ஒரு பெண் தங்கலாம். ஷாமிலா தங்கினாள். நான் எதிரே சாப்பாட்டுக் கடை மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். விடியுமுன் செய்தி வந்தது.

செத்த வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் ஷாமிலாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள்?

“அத்தான் சாப்பிட்டாரான்னு கேட்டுச்சு,” என்றாள் ஷாமிலா.

பெண்கள் என்னைப் பார்த்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. சாப்பாடும் தூக்கமும் போயின. வகுப்பில் பாதி வசனத்தில் நின்றுவிடுகிறேன் என்று அதிபர் என்னைக் கிளினிக்குக்கு அனுப்பினார். டொக்டர் நிரஞ்சன் மாத்திரை எழுதினார். அது வேலை செய்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், பாடம் நடத்தினேன். கனவுகள் மட்டும் வரவில்லை.

இந்த வருடம் டொக்டர் மாத்திரையைக் குறைக்கலாம் என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். மெதுவாகப் பேசுவார்.

“அவசரப்படாதேங்கோ. கொஞ்சம் கொஞ்சமா இறங்குவம். தலைச்சுத்து வரும். எரிச்சல், அழுகை வரும். கனவு கூட வரும். பயப்பிடாதேங்கோ.”

கூட வந்திருந்த ஷாமிலா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். என் மனதில் நின்றது கனவு மட்டும்தான்.

லக்சனா எல்லோருக்கும் கனவில் வந்திருக்கிறாள். அவள் அம்மாவிடம் வந்து கம்பளிப் போர்வை கேட்டாள். பக்கத்து வீட்டு வேலாயி அக்காவிடம் தலை பின்னிவிடச் சொன்னாள். லக்சனா தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். அங்கே கூட வேலை செய்த பிரியந்தியிடம் போய், பால் கோப்பைகளைக் கழுவினாயா என்று அதட்டினாள். ஒவ்வொரு முறையும் அவள் கேட்டதை வைத்துப் படைத்தார்கள். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டார்கள். படத்தின் முன்னால் கும்பிட்டு நிற்பேன். யாராவது மெல்லக் கேட்பார்கள். “மாப்ளைக்கு வரலையா?”

வரவில்லை.

அரை மாத்திரைக்கு இறங்கிய பிறகு ஒரு நாள் வந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொடியில் சேலை காயப்போட்டாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. விழித்தபோது தலையணை ஈரமாக இருந்தது.

அரை மாத்திரையில் முதுகு தெரிகிறது. மாத்திரையே இல்லாவிட்டால் முகம் தெரியும். விழித்த அந்தக் காலையில் நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். நான் விலங்கியல் படித்தவன். பதினோராம் தரத்துக்கு நரம்பு மண்டலம் படிப்பிக்கிறவன். கணக்கு எவ்வளவு மடத்தனமானது என்று தெரியும். தெரிந்துகொண்டே மாத்திரையை முழுதாக நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

கனவுகள் கொட்டின. நிறத்தோடு, சத்தத்தோடு, வாசனையோடு. லக்சனாவும் வந்தாள். தபால்காரருக்குத் தேநீர் கொடுத்தாள். அதிபரோடு சிரித்துப் பேசினாள். வீடு கட்டும் யாரோ ஒரு மேசன்பாஸோடு நின்று சுவரில் வெடிப்பு விட்டதைப் பற்றி ஆலோசித்தாள். நான் அதே அறையில்தான் இருந்தேன். ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் தபால்காரர் கரண்ட் பில் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டு முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். பாவம், மழையில் நனைந்திருந்தார்.

*

பைக்கில் புறப்பட்டேன். தலவாக்கலை தாண்டி லிந்துலைப் பக்கம் போகும்வரை ஒன்றும் நடக்கவில்லை. தோட்டத்துப் பாதையில் ஏறியபோது ஒரு வளைவில் கொழுந்து லொறி எதிரே வந்தது. கண்ணைத் திருப்பிவிட்டேன்.

சிர்.

பாதை இடப்பக்கம் நகர்ந்தது. இந்த முறை திரும்பி வரவில்லை. பைக் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றது. காலை ஊன்றியதால் விழவில்லை. லொறிக்காரன் ஏதோ ஏசிக்கொண்டு போனான். இறங்கி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன். காலையில் தின்ற பாண் துண்டு வந்தது.

“சேர், காலங்காத்தாலயே போட்டாச்சா?”

கிஷாந்த். மாமி வீட்டுக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டுப் பையன். த்ரீவீல் ஓட்டுகிறவன். வண்டியைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான்.

“குடிக்கல. தலைச்சுத்து.”

“எங்கப்பாவும் அப்படித்தான் சொல்றாரு. நான் பொறந்ததுலருந்து அவருக்குத் தலைச்சுத்து.” சிரித்தபடி இறங்கி வந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். “ஏறுங்க சேர். பைக்க நான் அப்புறம் வந்து எடுத்துட்டு வாறேன்.”

“இங்கயே விட்டுட்டா?”

“யாரு எடுக்கப் போறா? எடுத்தாலும் உங்க பைக்க ஸ்டார்ட் பண்றதுக்குள்ள நான் வந்துருவேன்.”

பின்னால் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினால் மோசமாக இருந்தது. அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“படையலுக்குத்தானே போறீங்க? உங்க மாமி எனக்கும் சொல்லியிருக்காங்க. எனக்கும் அக்கா வந்துச்சு சேர், போன மாசம்.”

“யாரு?”

“லக்சனா அக்காதான். தலவாக்கலை டவுன்ல என் த்ரீவீல்ல ஏறுச்சு. தோட்டத்துக்கு வர்ற வரைக்கும் ஒரே பேச்சு. இறங்கினதும் காசு குடுக்காமப் போயிருச்சு. கனவுலயும் நமக்கு ஓசி சவாரிதான்.”

“என்ன பேசினா?”

“அதெங்க சேர் ஞாபகம் இருக்கு? ரோடு சரியில்லன்னு ஏசுச்சு. மெதுவா போடான்னுச்சு. மத்ததெல்லாம் மறந்துபோச்சு.”

டவுனிலிருந்து தோட்டம் வரை. அவ்வளவு தூரம் அவள் இவன் பின்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். இவன் அதைக் கேட்டுவிட்டு மறந்திருக்கிறான். அவன் பிடரியில் ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

*

மாமியின் பெயர் இராஜகுமாரி. கொழுந்து பறித்து ஓய்வு வாங்கியவர். நான் போனபோது ரொட்டிக்கு மாவும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். ஷாமிலா அம்மியில் சம்பலுக்குக் காரக் கொச்சிக்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் போட்ட கதிரையில் லக்சனாவின் படம். மாலை போட்டிருந்தார்கள்.

“வாங்க மாப்ள. என்ன இப்படி வேர்த்திருக்கு? இந்தக் குளுருல?”

“ஒண்ணுமில்ல மாமி.”

“கான்ல கிடந்தாரு. நான்தான் தூக்கிட்டு வந்தேன்,” என்றான் கிஷாந்த் வாசலிலிருந்து. சொல்லிவிட்டு பைக்கை எடுக்கப் போய்விட்டான்.

“பைக் சறுக்கிருச்சு,” என்றேன்.

“ஷாமி, அத்தானுக்குத் தேத்தண்ணி ஊத்து.”

“என் கையெல்லாம் கொச்சிக்கா. அவரே ஊத்திக்குவாரு. புது மாப்பிள்ளையா என்ன?”

ஊற்றிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தேன். மாமி ரொட்டியைக் கல்லில் போட்டார். வெந்த பிறகும் எடுக்கவில்லை. புகை வந்தது.

“கருகுது மாமி.”

“கருகட்டும். ஓரம் கருகினாத்தான் அவளுக்குப் பிடிக்கும். சின்னதுலருந்து அப்படித்தான். முதல்ல கருகின ஓரத்தப் பிச்சுத் தின்னுட்டு, நடுவுல உள்ளத இவ தட்டுல போட்டுருவா.”

ஷாமிலா சிரித்தாள். “நான் வெள்ள வெள்ளையா தின்னே வளர்ந்தேன்.”

எனக்கு இது தெரியாது. நாலு வருடம் அவளோடு வாழ்ந்தேன். எனக்கு நெஞ்செரிச்சல் என்று வீட்டில் ரொட்டி சுட்டதே இல்லை. சோறு, இடியப்பம். அவளும் கேட்டதில்லை. கல்லில் கருகிக்கொண்டிருந்த அந்த ரொட்டி மீதும் எனக்குப் பொறாமை வந்தது.

“எப்படி இருந்தா?” என்று ஷாமிலாவிடம் கேட்டேன்.

“யாரு?”

“கனவுல.”

“நல்லாத்தான் இருந்துச்சு. அந்த மஞ்சச் சட்டை போட்டிருந்துச்சு.”

“எந்த மஞ்சச் சட்டை?”

“கல்யாணத்துக்கு முந்திப் போடும். உங்களுக்குத் தெரியாது.”

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குக் குத்தியது.

“உன்னைப் பார்த்தாளா? முகத்துக்கு நேரே?”

“பார்க்காம எப்படிக் கேக்கும்?”

“ஒண்ணு சொல்லு ஷாமி. கனவுல வந்தா அவ சாப்பாடு மட்டும்தான் கேப்பாளா? இல்ல, உனக்கு வாய் ருசி கேட்டா அவ பேரச் சொல்றியா?”

அம்மிச் சத்தம் நின்றது. மாமியின் கை கல்லுக்கு மேலேயே நின்றது.

இப்படிப் பேசுகிறவன் நான் இல்லை. வாய் பேசிவிட்டது. கோபம் காலிலிருந்து ஏறியது. எதற்கான கோபம் என்று பிடிபடவில்லை. கோப்பை சரிந்து தேநீர் காற்சட்டையில் கொட்டியது. சூடு தெரிந்தது. ஆனாலும் கோப்பையைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

ஷாமிலா எழுந்து கையைக் கழுவினாள். வந்து என் முன்னால் குந்தினாள். கோப்பையை வாங்கி வைத்தாள்.

“அத்தான், அந்த ஜன்னலப் பாருங்க.”

“எதுக்கு?”

“பாருங்க.”

பார்த்தேன். சிர். கண் தானாக மூடித் திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“மாத்திரைய நிப்பாட்டிட்டீங்களா?”

“டொக்டர்தான் குறைக்கச் சொன்னாரு.”

“குறைக்கச் சொன்னாரு. நானும்தானே இருந்தேன். நிப்பாட்டச் சொன்னாரா?”

காற்சட்டையில் கொட்டிய தேநீரைத் துடைத்தேன்.

“நிப்பாட்டினா நல்லதுதானேடி?” என்றார் மாமி. “சுகமாயிட்டாருன்னுதானே அர்த்தம்? எத்தன நாளைக்கு அதையே முழுங்கிக்கிட்டு இருப்பாரு?”

“கானுக்குள்ள கிடக்கிறதுதான் சுகமாம்மா?”

அவள் போனை எடுத்தாள். வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்றேன். அவள் கேட்கவில்லை. டொக்டர் எடுத்தார். ஷாமிலா விசயத்தைச் சொல்லிவிட்டு, சத்தத்தைக் கூட்டிப் போனை என் மடியில் வைத்தாள்.

“ஓம், சொல்லுங்கோ மதுரன். ஒரேயடியா நிப்பாட்டிப் போட்டியளோ?”

“ஆமா டொக்டர். போன கிழமை.”

“தலைக்குள்ளை கரண்ட் அடிக்குதோ?”

“அடிக்குது.”

“சத்தி எடுத்தனீங்களோ? வேர்வை? ஆரோடையும் எரிஞ்சு விழுறியளோ?”

ஷாமிலாவைப் பார்த்தேன். “எல்லாம் இருக்கு.”

“சாகோணும் எண்ட யோசினை ஏதும் வருதோ? மறைக்காமல் சொல்லுங்கோ.”

கொஞ்சம் யோசித்தேன். “இல்ல டொக்டர்.”

“நல்லது. பயப்பிடாதேங்கோ. மருந்து கெதியா விலகினபடியா உடம்பு சண்டை பிடிக்குது. விட்ட இடத்துக்கே திரும்பப் போவம். இப்ப ஏதும் சாப்பிட்டிட்டு அரைக் குளிசையைப் போடுங்கோ. பைக் ஓட வேண்டாம். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வாங்கோ. இந்த முறை இன்னும் சின்னச் சின்னப் படியா இறங்குவம்.”

“டொக்டர், அரை மாத்திரை போட்டா கனவு நின்னு போகுமா?”

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

“ஏன் கேக்கிறியள்?”

“என் மனைவி வாறா. என்கிட்ட பேசல. மத்தவங்ககிட்ட பேசுறா. அதான், முழுசா நிப்பாட்டினா என் பக்கம் திரும்புவான்னு நினைச்சேன்.”

ரொட்டி கரியாகிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

“கனவு குறையலாம்,” என்றார் டொக்டர். “நான் பொய் சொல்லேலாது. மருந்து விலகேக்கை கனவு கூடுறது உண்மை. ஆனா ஆர் வரவேணும், வந்து ஆரோடை கதைக்கவேணும் எண்டு மருந்துக்குத் தெரியாது மதுரன். என்ரை அப்பாவும் எனக்கு வாறவர். வந்து, உயிரோடை இருக்கேக்கை முகம் பாக்காத பக்கத்து வீட்டுக்காரரோடை கோயிலுக்குப் போவார். என்னைக் கூட்டிக்கொண்டு போறேல்லை.”

மடியில் சரிந்த போனை நேராக வைத்தேன்.

“முதல்லை சாப்பிடுங்கோ. செவ்வாய்க்கிழமை பாப்பம்,” என்று வைத்தார்.

மாமி கரிந்த ரொட்டியை எடுத்து அடுப்பில் போட்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

“இதுக்காகவா மாப்ள? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என்கிட்ட வந்தப்பவே அவகிட்ட சொல்லியிருப்பேன்ல, உங்ககிட்டப் போகச் சொல்லி.”

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வேறு மாவெடுத்து மறுபடி சுட்டார். வாழையிலை போட்டு, ரொட்டியும் சம்பலும் வைத்து, கற்பூரம் ஏற்றினார். படத்தைப் பார்த்துப் பேசினார். வாசலில் நிற்கும் மகளிடம் பேசுவது போலத்தான் பேசினார்.

“நீ கேட்டத வச்சாச்சு. வயிறாரச் சாப்பிடு. சாப்பிட்டுட்டு அந்த மனுசன் வீட்டுப் பக்கமும் ஒருக்காப் போயிட்டு வா. மாத்திரைய விட்டுட்டு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு.”

என் கண்ணில் தண்ணீர் வந்தது. நிற்கவில்லை. செத்த வீட்டில் வராதது, சுடுகாட்டில் வராதது, சம்பல் வைத்த இலைக்கு முன்னால் வந்தது. அழுகை வரும் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அழ வைப்பது விலகுகிற மருந்தா, லக்சனாவா, என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

*

சாப்பிட்ட பிறகு வெளியே பீலியில் கை கழுவினேன். மேலே மலையிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர். ஷாமிலா பின்னால் வந்தாள். என் பையிலிருந்த அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

“இந்தாங்க.”

“வேணாம்.”

“டொக்டர் என்ன சொன்னாரு?”

“அவ ஒரு தடவ என்னைப் பார்க்கட்டும். அப்புறம் முழு மாத்திரையே போடுறேன்.”

“அதுக்குள்ள எந்தக் கான்ல விழுவீங்க?”

“விழுந்தா விழுறேன். உனக்கென்ன ஷாமி? உனக்கு எல்லாம் கிடைச்சிருச்சு. கடைசி ராத்திரி உனக்கு. கடைசி வார்த்தையக் கேட்டது நீ. இப்ப கனவும் உனக்கு. நான் கேட்டுக்கு வெளியே வாங்குல உட்கார்ந்திருந்தேன். இப்பவும் அங்கதான் உட்கார்ந்திருக்கேன்.”

அவள் என்னையே பார்த்தாள்.

“கடைசி வார்த்தையா?” என்றாள். “அது எனக்குக் கிடைக்கல அத்தான்.”

“நான் சாப்பிட்டேனான்னு...”

“அது சாயங்காலம் கேட்டுச்சு. நீங்க வெளிய போனதும். தினமும்தான் கேக்கும். செத்த வீட்டுல அத்தன பேரு சுத்தி நின்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது? தூங்கிட்டேன், தெரியாதுன்னா? முழிச்சப்போ எல்லாம் முடிஞ்சிருச்சு.”

இரண்டு மழைக்காலமும் அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அது போய்விட்டது. ஆனால் முதலில் வந்தது துக்கம் இல்லை. அவளுக்கும் கிடைக்கவில்லை என்ற நிம்மதி. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அது நிம்மதிதான்.

“அப்ப யாருக்குமே தெரியாதா?”

“தெரியும். பக்கத்துக் கட்டில்ல ஒரு சிங்கள அக்கா இருந்துச்சுல்ல, சோமா அக்கா? நானுஓயாப் பக்கம். அதுக்குத் தெரியும். காரியம் முடிஞ்சதும் நான் அதைத் தேடிக்கிட்டுப் போனேன். அந்தப் பொம்பளையப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு அத்தான். யாரோ, எவரோ. கூடப் பொறந்தவ நான் பக்கத்துலயே கிடக்கிறேன். அது காதுல விழுந்திருக்கு, என் காதுல விழல. நீங்க இன்னைக்கு என்னைப் பார்த்தீங்களே ஒரு பார்வை, அப்படித்தான் நானும் அதைப் பார்த்தேன்.”

“என்ன சொன்னா லக்சனா?”

“முதல்ல மாத்திரை.”

“ஷாமி.”

“முதல்ல மாத்திரை அத்தான். கனவுல வந்து யாருகிட்டயோ பேசுறது உங்க தலைக்குள்ள நடக்குறது. இது அக்கா நெசமா வாயத் திறந்து சொன்னது. எது வேணும்னு நீங்களே பாருங்க.”

உள்ளங்கையில் இருந்த அந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தேன். அதைப் போட்டால் இன்று அவள் வராமல் போகலாம். நாளையும் வராமல் போகலாம். வந்தாலும் முதுகுதான் தெரியும்.

எடுத்து வாயில் போட்டேன். பீலியில் கையேந்தி ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். கசப்பு தொண்டையில் நின்று இறங்கியது.

“வாயத் திறங்க.”

திறந்தேன். எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

“இன்னொண்ணும் இருக்கு,” என்றாள். “நான் தூங்கின பிறகு அக்காவும் அந்த சோமா அக்காவும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. என்ன பேசினாங்கன்னு எங்கிட்ட சொல்ல மாட்டேங்குது. புருசன வரச் சொல்லு, அவர்கிட்ட மட்டும்தான் சொல்லுவேங்குது. இத்தன நாளா நான்தான் உங்ககிட்ட சொல்லல. சொன்னா நீங்க போயிருவீங்க. எனக்கு இல்லாதது உங்களுக்குக் கிடைச்சிரும்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது எனக்கு நன்றாகப் பழகியது.

“கடைசியா என்ன சொன்னா? அதச் சொல்லு.”

“கட்டில் ஓரத்துல தலைய வச்சுத் தூங்கிட்டேன். நர்ஸ் மிஸ்ஸி வந்திருக்காங்க, ஒட்சிசன் மாஸ்க் மாட்ட. நான் இடைஞ்சலா இருந்திருக்கேன். எழுப்பப் போயிருக்காங்க. அக்கா கையக் காட்டித் தடுத்திருச்சு. எழுப்பாதீங்க, தங்கச்சி களைச்சுப் போயிருக்கான்னு சொல்லிருக்கு. மிஸ்ஸி அந்தப் பக்கமா சுத்தி வந்து மாஸ்க்க மாட்டிட்டாங்க. அதுக்குப் பிறகு பேச முடியல.”

என்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தன்னைப் பற்றியும் இல்லை.

“மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப சிங்களத்துலதான் சொல்லியிருப்பா.”

“ஆமா.”

என்னிடம் அவள் ஒரு நாளும் சிங்களத்தில் பேசியதில்லை. அந்த மொழியில் அவள் குரல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“அவ சொன்ன மாதிரியே சொல்லு,” என்றேன்.

ஷாமிலா என்னைப் பார்க்காமல், தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு, யாரையும் எழுப்பாத குரலில் சொன்னாள்.

“எஹெரவன்ன எப்பா, மிஸ்ஸி. நங்கிட்ட மஹன்சி.”